ஃபிலிப் கிளாஸின் ‘சத்யாகிரகா’ ஓபராவும் அதன் 1985 ஒலிப்பதிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஒலிப்பதிவு?

அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் இயற்றிய ‘சத்யாகிரகா’ ஓபராவை (முழுவதும் பாடியே நடத்தும் மேற்கத்திய இசை நாடகம்) நியூயார்க் சிட்டி ஓபராவின் இசைக்குழுவும் கோரஸும் ஸ்டுடியோவில் பதிவு செய்தன. கிறிஸ்டோபர் கீன் இசைக்குழுவை நடத்தினார். காந்தியாகப் பாடியவர் டெனர், அதாவது உயர்ந்த ஸ்தாயி ஆண் குரல் பாடகர், டக்ளஸ் பெர்ரி. சி.பி.எஸ். நிறுவனம் 1985இல் வெளியிட்டது. குறுந்தகட்டில் மூன்று தட்டுகள். ஓர் அங்கத்துக்கு ஒன்று.

ஓபரா முதலில் மேடையேறியது அமெரிக்காவில் அல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரம் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டு, 1980 செப்டம்பர் 5ஆம் தேதி அங்கேயே அரங்கேறியது. அன்றும் காந்தி வேடம் டக்ளஸ் பெர்ரிக்குத்தான். ஆகவே 1985 பதிவில் ஒலிப்பது ஸ்டுடியோவுக்காகத் தேடிப் பிடித்த குரல் அல்ல. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவரின் குரல் அது. அந்தப் பழக்கம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

காந்தியின் வாழ்க்கைக் கதையை இது சொல்கிறதா?

வரிசையாகச் சொல்வதில்லை. காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்வு மட்டுமே களம். ஏழு காட்சிகள். முதலாவது குருக்ஷேத்திரத்தில் நடப்பது. இரண்டு படைகளுக்கு நடுவே காந்தி நிற்கிறார். அர்ஜுனனும் கிருஷ்ணரும் வந்து சேர்கிறார்கள். அடுத்து 1910இன் டால்ஸ்டாய் பண்ணை, போராட்டத் தோழர்களோடு காந்தி கூடி வாழ்ந்த இடம். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் பின்னோக்கிப் போய், 1906இல் ஜோகன்னஸ்பர்க்கில் கட்டாயப் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இந்தியர்கள் கூடி எடுத்த உறுதிமொழி.

இரண்டாம் அங்கம் டர்பன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய காந்தியை வெள்ளையர் கும்பல் தாக்கியதில் தொடங்குகிறது. ஓபரா இதற்கு 1896 என்று தேதியிடுகிறது. கப்பல் வந்தது 1896 டிசம்பரில்தான். ஆனால் பயணிகளைப் பல நாள் இறங்கவிடாமல் நிறுத்தி வைத்ததால் தாக்குதல் நடந்தது 1897 ஜனவரி 13ஆம் தேதி. போலீஸ் அதிகாரியின் மனைவி திருமதி அலெக்சாண்டர் தன் குடையை விரித்துக் காந்தியைக் காத்தது அப்போதுதான். தொடர்ந்து காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை, 1908இல் பதிவுச் சான்றிதழ்களைத் தீயிட்ட போராட்டம். மூன்றாம் அங்கம் முழுவதும் ஒரே காட்சி: 1913இன் நியூகாஸில் பேரணி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தையும் தண்டியையும் இதில் தேடாதீர்கள். ஏழு காட்சிகளிலும் அவை இல்லை. எல்லோரும் அறிந்த சம்பவங்களை விட்டுவிட்டு, கூட்டமாக மக்கள் முடிவெடுத்த தருணங்களையே கிளாஸ் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். கோரஸுக்கு இந்த ஓபராவில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

பாடல்கள் சமஸ்கிருதத்தில் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஓபரா முழுவதும் பகவத் கீதையின் சுலோகங்கள்தான். அவற்றைத் தேர்ந்து தொகுத்தவர் எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் டிஜாங். மேடையில் காந்தி அச்சகத்தில் நின்றாலும், கும்பலிடம் அடி வாங்கினாலும், வாயிலிருந்து வருவது கீதை. பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. நடப்பது ஒன்று, பாடப்படுவது அதற்கு உள்ளே ஓடும் சிந்தனை. காந்திக்குக் கீதை அன்றாட வழிகாட்டியாக இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு இயல்பாகவே தோன்றும்.

தேர்வு கவனமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. டர்பன் கும்பல் காட்சியில் வெள்ளையர் கோரஸுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது பதினாறாம் அத்தியாயம். “இன்று இதை அடைந்தேன், இனி அதையும் அடைவேன், இந்தச் செல்வம் என்னுடையது” என்று அசுர குணம் படைத்தவன் மார்தட்டும் பகுதி அது. அந்த வரிகளுக்கு நடுவே கோரஸ் ‘ஹா ஹா ஹா’ என்று தாளத்தோடு சிரிக்கிறது. பொருள் தெரியாமல் கேட்டால் அது வெறும் மிரட்டல். பொருள் தெரிந்து கேட்டால், குடியேற்ற நாடுகளில் சொத்து சேர்த்தவனின் மனம் அப்படியே வெளியே கேட்கிறது. இந்தப் பதிவில் ஆண் குரல்கள் காதுக்கு மிக அருகில் வைக்கப்பட்டிருப்பதால் அந்தச் சிரிப்பு உண்மையிலேயே உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும்.

அமெரிக்கப் பாடகர்களின் சமஸ்கிருத உச்சரிப்பு சகித்துக்கொள்ளக் கூடியதா?

சுலோகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் சில நிமிடங்கள் கஷ்டமாக இருக்கும். குறில் நெடிலாகிறது, ஒற்றுகள் மழுங்குகின்றன. கோரஸில் சொற்கள் பல இடங்களில் கரைந்தே போகின்றன. தனிக் குரல்களில் நிலைமை மேல். பெர்ரி தொடக்கத்தில் பாடும் ‘யோத்ஸ்யமானான் அவேக்ஷேஹம்’ தெளிவாகவே கேட்கிறது. போரிட வந்து கூடியிருப்பவர்களைப் பார்க்கிறேன் என்று அர்ஜுனன் சொல்லும் முதல் அத்தியாயச் சுலோகம் அது.

உச்சரிப்பை வைத்து இந்தப் பதிவைத் தள்ளுவது நியாயமில்லை என்பது என் கருத்து. நம் மேடைகளிலேயே தெலுங்குக் கீர்த்தனைகளின் சொற்களைச் சிதைத்துப் பாடியவர்களை ராக பாவத்துக்காகத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். அதே பெருந்தன்மையை இங்கேயும் காட்டலாம்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே, அலுப்பு தட்டாதா?

மெலடி எப்போது மாறும் என்று காத்திருந்தால் அலுக்கும். மாறுவது வேறு இடத்தில். இந்த ஓபராவின் பல காட்சிகளில் கிளாஸ் ‘ஷகோன்’ என்ற பழைய ஐரோப்பிய வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். அடித்தளத்தில் சில சுரங்களின் வரிசை மாறாமல் சுழன்று வரும். அதன் மேல் குரல்களும் வாத்தியங்களும் ஒவ்வொன்றாக ஏறும்.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக இறங்கும் ஓர் அடித்தள வரிசை. அதன் மேல் காந்தி தனியாக. பிறகு அர்ஜுனன் சேர, இரண்டு குரல். பிறகு கிருஷ்ணர், மூன்று குரல். கடைசியில் இரண்டு படைகளாக முழுக் கோரஸ். இத்தனை பேர் வந்த பிறகும் கீழே ஓடுவது முதலில் கேட்ட அதே வரிசை. ஒரு மனிதனின் தயக்கம் எப்படி ஒரு கூட்டத்தின் கேள்வியாகிறது என்பதை இசை வார்த்தையில்லாமல் கட்டிக் காட்டுகிறது. ராகம் தானம் பல்லவியில் ஒரே வரியை ஒரு மணி நேரம் கேட்கத் தெரிந்த காதுகளுக்கு இது பெரிய சோதனையே இல்லை.

கர்நாடக இசை கேட்பவர்கள் குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசிப் பாடலை. ‘மாலைப் பாடல்’ என்று அழைக்கப்படும் இதோடுதான் ஓபரா முடிகிறது. பேரணியில் நடந்தவர்கள் ஓய்ந்துவிட்ட பிறகு காந்தி தனியாகப் பாடுவது. முழுப் பாடலும் ஒரே ஓர் ஆரோகணம்தான். எட்டு சுரங்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. அப்படி முப்பது முறை. அவரோகணமே கிடையாது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் மீண்டும் கீழிருந்து.

மேற்கத்திய இசையில் இந்த வரிசைக்கு ஃபிரிஜியன் என்று பெயர். நம் கணக்கில் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். எட்டாவது மேளகர்த்தாவான ஹனுமதோடியின் சுரங்கள் அப்படியே. ஆனால் தோடி கேட்கிறதா என்றால், கேட்காது. காந்தாரத்திலும் தைவதத்திலும் அசைவு இல்லாத தோடி ஏது! பெர்ரி ஒவ்வொரு சுரத்தையும் நேராக, கமகமின்றி வைக்கிறார். அசைவு முழுவதும் கீழே, வாத்தியங்களின் சுரக்கூட்டு மாறிக்கொண்டே இருப்பதில் இருக்கிறது. நாம் சுரத்துக்குள் வைக்கும் உயிரை அவர்கள் சுரத்துக்கு அடியில் வைக்கிறார்கள். இதை ஒருமுறை கேட்டுப் பிடித்துவிட்டால் பாடல் முழுக்கப் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. பாடப்படுவது நான்காம் அத்தியாயத்தில் ‘பஹூநி மே வ்யதீதாநி’ என்று தொடங்கும் பகுதி. ‘யதா யதா ஹி தர்மஸ்ய’வும் இதில்தான் வரும். கீதையின் பெரும்பாலான சுலோகங்கள் அனுஷ்டுப் சந்தத்தில் அமைந்தவை. ஒரு பாதத்துக்கு எட்டு அசை. ஏறும் சுரங்களும் எட்டு. சுலோகத்தின் எலும்பே மெட்டாகிவிட்டது. எனக்கு இந்த ஓபராவில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். இந்திய நூல் ஒன்றை மேலோட்டமாக எடுத்து வாசனைக்காகத் தெளித்தவர் செய்கிற வேலை அல்ல இது.

கிளாஸுக்கு இந்திய இசையோடு எவ்வளவு பழக்கம்?

1960களின் நடுவில் பாரிஸில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திரைப்படத்துக்காக ரவிசங்கர் அமைத்த இசையை மேற்கத்திய வாத்தியக்காரர்களுக்கு எழுதித் தரும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. தாளத்தைக் கோடு போட்டுப் பிரித்து எழுதும்போதெல்லாம் தவறாக வர, அருகிலிருந்த தபலா மேதை அல்லா ரக்கா திருத்தியிருக்கிறார். சிறு சிறு அலகுகள் கூடிக் கூடிப் பெரிய சுழற்சியாவதை அங்கேதான் கற்றதாகக் கிளாஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். கேரள கலாமண்டலத்தில் கதகளியையும் பார்த்தார். 1990இல் ரவிசங்கரோடு சேர்ந்தே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்.

‘சத்யாகிரகா’வில் சிதாரும் தபலாவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நரம்பு வாத்தியங்கள், மர ஊது வாத்தியங்கள், ஆர்கன், அவ்வளவுதான். பித்தளை வாத்தியமும் இல்லை, தாள வாத்தியமும் இல்லை. போராட்டத்தைப் பற்றிய ஓபராவில் முரசும் எக்காளமும் இல்லாமல் செய்தது துணிச்சலான முடிவு.

இந்தப் பதிவின் ஒலி ஏதோ செயற்கையாக இருக்கிறதே, ஏன்?

அரங்கில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிவு செய்ததல்ல இது. கிளாஸின் நெடுநாள் கூட்டாளிகளான கர்ட் முன்காச்சியும் மைக்கேல் ரீஸ்மனும் தயாரித்தார்கள். வாத்தியப் பிரிவுகளையும் குரல்களையும் தனித்தனி அடுக்குகளாகப் பதிவு செய்து, பிறகு ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்க்கும் முறையைக் கையாண்டார்கள். திரையிசைப் பாடல்களுக்கும் ராக் இசைத்தட்டுகளுக்கும் பழகிப்போன முறை. ஓபராவுக்கு அன்று புதிது.

இதற்கு ஒரு விலை உண்டு. பெரிய அரங்கின் காற்று இந்தப் பதிவில் இல்லை. வயலின்கள் சில இடங்களில் விசைப்பலகையில் வாசித்தது போலத் தட்டையாகக் கேட்கின்றன. கோரஸ் பாடகர்களுக்கு நடுவே இடைவெளியே தெரிவதில்லை. ஓபரா ரசிகர்கள் பலர் இதை வெறுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆதாயமும் உண்டு. ‘இந்தியன் ஒப்பீனியன்’ காட்சியில் நரம்பு வாத்தியங்கள் அச்சு இயந்திரம் ஓடும் வேகத்தில் இடைவிடாமல் இயங்குகின்றன. மேடைப் பதிவுகளில் அந்த வேகம் கொஞ்சம் குழம்பும். இங்கே ஒவ்வொரு சுரமும் எண்ணிவிடலாம் போல நிற்கிறது. துல்லியமா, காற்றோட்டமா என்று கேட்டால், இந்த இசைக்குத் துல்லியம்தான் முதலில் வேண்டும் என்பேன்.

டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் பெயர்கள் உறையில் இருக்கின்றனவே, அவர்கள் யார் குரலில் வருகிறார்கள்?

யாருடைய குரலிலும் இல்லை. மூன்று அங்கங்களுக்கும் அவர்கள் பெயரே தலைப்பு. காந்திக்கு முன்பிருந்தவர், சமகாலத்தவர், பின்வந்தவர் என்ற வரிசை. மேடையில் அவர்கள் உயரத்தில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒலிப்பதிவில் நாம் இழப்பது இதைத்தான். மூன்றாம் அங்கத்தில் கீழே காந்தி பாட, மேலே கிங் கூட்டத்தை நோக்கி நிற்கும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்தக் கதையில் தமிழர்கள் எங்கே?

வரலாற்றில் எங்கும் இருந்தார்கள். ஓபராவில் ஒரே ஒரு பெயரில் இருக்கிறார்கள். ‘திருமதி நாயுடு’ என்ற சொப்ரானோ (உச்ச ஸ்தாயிப் பெண் குரல்) பாத்திரம் அது. ஜோகன்னஸ்பர்க் போராட்டத்தில் காந்தியின் வலக்கரமாக இருந்த தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளை நினைவூட்டும் பெயர்.

நியூகாஸில் அங்கத்தைக் கேட்கும் முன் நடந்ததைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியக் கூலித் தொழிலாளர்கள் ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசு வைத்திருந்தது. 1913 அக்டோபரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள் சிலர் எல்லை கடந்து நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வீரம்மாளும் அவர்களில் ஒருவர். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் தேதி காலை 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் எல்லையை நோக்கி நடந்தார்கள். இது காந்தியே தந்திருக்கும் கணக்கு. நான்கு நாட்களில் அவர் மூன்று முறை கைது செய்யப்பட்டார். நடந்தவர்களை ரயிலில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1914இல் அந்த வரி ஒழிந்தது. சிறையில் நோயுற்று விடுதலையான தில்லையாடி வள்ளியம்மை, அதைப் பார்க்காமலே அந்த ஆண்டு பிப்ரவரி 22ஆம் தேதி பதினாறு வயதில் இறந்துபோனாள்.

ஓபராவில் வள்ளியம்மை இல்லை. அன்று நடந்தவர்களில் மிகப் பலரின் வாயில் இருந்தது தமிழும் தெலுங்கும். அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓபரா சமஸ்கிருதத்தைக் கொடுக்கிறது. காந்தியின் மனத்துக்குள் நடப்பதாக அதை ஏற்கலாம். கோரஸ் பாடும்போது ஏற்பது கடினம். கிளாஸின் கலைமீது எனக்குள்ள மதிப்பு குறையாமலே இதைச் சொல்கிறேன். சுரங்கத்திலிருந்து வெளியேறி நடந்தவர்களுக்கு இந்த இசையில் பெரிய குரல் கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. அதைக் கேட்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மால் அது முடியும்.

முழுவதையும் கேட்க நேரமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

மூன்றாம் தட்டு. நியூகாஸில் அங்கத்தைத் தொடக்கம் முதல் மாலைப் பாடல் வரை ஒரே இருப்பில் கேளுங்கள். மாலைப் பாடலை மட்டும் தனியே எடுத்துக் கேட்பது பரவலாக நடக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னால் அத்தனை குரல்கள் ஒலித்து அடங்கியதால்தான் கடைசியில் வரும் தனிக் குரலுக்கு அந்த எடை.

பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டுமா?

ஆம், முதல் முறையேனும். தமிழ் உரையோடு உள்ள எந்தக் கீதைப் பதிப்பும் போதும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2008இல் இதை மேடையேற்றியபோது, வழக்கம்போல ஒவ்வொரு வரிக்கும் மொழிபெயர்ப்பு காட்டாமல் தேர்ந்தெடுத்த சில வரிகளை மட்டும் மேடைச் சுவர்களில் ஒளியாகக் காட்டினார்கள். மேடையில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருப்பதால் அங்கே அது பொருந்தும். வீட்டில் தட்டு கேட்பவருக்குச் சொற்கள்தான் காட்சி.

வேறு பதிவுகள் உண்டா?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஓபராவில் அகிம் ஃப்ரையர் இயக்கி, டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ் நடத்திய 1980களின் தயாரிப்பு காணொளியாக உள்ளது. ஃப்ரையரின் காட்சியமைப்பு விசித்திரமானது. காந்தியைத் தேடுபவருக்கு ஏமாற்றமாகவும் இருக்கலாம். மெட்ரோபாலிட்டனின் தயாரிப்பில் ரிச்சர்ட் கிராஃப்ட் காந்தியாகப் பாடினார். அது 2011 நவம்பரில் உலகத் திரையரங்குகளுக்கு நேரலையாகப் போனது. பழைய செய்தித்தாள்களையும் ஒட்டுத்தாள்களையும் கொண்டு செய்த ராட்சதப் பொம்மைகளோடு கண்ணுக்கு அற்புதமான தயாரிப்பு. கிராஃப்டின் குரல் பெர்ரியுடையதைவிட மென்மை, இன்னும் உள்ளடங்கியது. மாலைப் பாடலுக்கு கிராஃப்ட், மற்றப் பகுதிகளுக்கு பெர்ரி என்பது என் தேர்வு.

அந்த ஆண்டு டிசம்பரில், மெட்ரோபாலிட்டனில் இதன் கடைசிக் காட்சி முடிந்த இரவு, பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் போராடியவர்கள் அரங்குக்கு வெளியே கூடியிருந்தார்கள். கிளாஸ் அவர்களிடம் போய் ‘யதா யதா ஹி’ சுலோகத்தின் ஆங்கில வடிவத்தைச் சொல்ல, கூட்டம் வரிவரியாகத் திருப்பிச் சொன்னது. ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் அவர்கள் வழக்கமாகப் பேசும் முறை அது.

எதில் கேட்டால் நல்லது? இப்போது கிடைக்கிறதா?

சி.பி.எஸ். இசைப்பிரிவு பிறகு சோனியின் கைக்குப் போனதால், இன்று சோனி பெயரில் தேடினால் கிடைக்கும். இணைய இசைச் சேவைகளிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தடங்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள், கலைத்துப் போடும் வசதியை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அடித்தள வரிசை கேட்கவே கேட்காது. அது கேட்காவிட்டால் மேலே நடப்பதெல்லாம் வெறும் திரும்பச் சொல்லல்தான். சுமாரான ஹெட்ஃபோன் ஒன்று இருந்தாலும் போதும்.